அதைக் கொல்லாதே, அது நம் ஆள்

குழு: குடும்பத் தோட்டம்

ஞாயிறு

காலை 6:50 – அக்கா: (படம்) கத்தரிச் செடியைப் பாருங்கள். நுனி முழுக்கப் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை. வியாழக்கிழமை தண்ணீர் விட்டபோது இது என் கண்ணில் படவே இல்லை. இலையைத் திருப்பினால் அடியில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது, தொட்டால் கை பிசுபிசுக்கிறது. எட்டுப் பிஞ்சு விட்டிருந்த செடி. அழுகையே வருகிறது.

காலை 6:52 – மாமா: மாவுப்பூச்சி. வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 10 மில்லி கலந்து இப்போதே அடித்துவிடு. தாமதித்தால் பக்கத்துச் செடிக்குப் போய்விடும்.

காலை 6:53 – அக்கா: எண்ணெய் இருக்கிறது மாமா. கலக்கப் போகிறேன்.

காலை 6:55 – நான்: அக்கா, கொஞ்சம் பொறு. போன கோடையில் நான் இப்படித்தான் பதறி, அளவைக் கூட்டி, பதினோரு மணி வெயிலில் அடித்தேன். மறுநாள் ஆறு மிளகாய்ச் செடியும் இலை ஓரம் கருகி நின்றன. இன்னும் எனக்கு அது ஆறவில்லை. பெரியம்மா எழுந்திருப்பார்கள், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

காலை 7:04 – பெரியம்மா: எழுந்து தோட்டத்தில்தான் நிற்கிறேன். படம் தெளிவாக இல்லை. செடியில் எறும்பு ஏறுகிறதா, பார்த்துச் சொல் கண்ணு.

காலை 7:06 – அக்கா: ஆமாம் பெரியம்மா. தண்டு நெடுக மேலும் கீழுமாக வரிசை போகிறது. அது பூச்சியைத் தின்னத்தானே போகிறது?

காலை 7:10 – பெரியம்மா: தின்னப் போகவில்லை, காவலுக்குப் போகிறது. மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, மிச்சத்தை இனிப்பு நீராக வெளியே விடும். உன் கையில் பிசுபிசுத்தது அதுதான். அந்த இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சியைப் பட்டி மாடு போலப் பார்த்துக்கொள்ளும். அதைத் தின்ன வருகிற வண்டையும் குளவியையும் கடித்து விரட்டும். எறும்பை நிறுத்தாமல் நீ எதை அடித்தாலும் திரும்பத் திரும்ப வரும்.

காலை 7:11 – மாமா: எறும்புப் பொடி தூவிவிடலாமே பெரியக்கா?

காலை 7:14 – பெரியம்மா: வேண்டாம். காய் பறிக்கிற இடத்தில் அந்த விஷம் எதற்கு? தண்டின் அடியில் ஒரு துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் வாஸ்லின் தடவினால் எறும்பு தாண்டாது. தண்டில் நேரடியாகத் தடவாதே, தண்டின் தோல் கெட்டுவிடும். அப்புறம், இலை எதுவும் சுவரிலோ பக்கத்துச் செடியிலோ முட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடு. ஒரே ஒரு இலை தொட்டால் போதும், அதன் வழியாகவே ஏறிவிடும்.

காலை 7:31 – தம்பி: (படம்) (படம்) அக்கா வீட்டு மாடிக்கு வந்துவிட்டேன். லென்ஸ் பொருத்திக் கிட்டத்திலிருந்து எடுத்தவை. இரண்டாவது படத்தைப் பாருங்கள் பெரியம்மா. மற்றதெல்லாம் 3 மில்லிமீட்டர்கூட இருக்காது, இது மட்டும் அதைப்போல மூன்று மடங்கு. உடம்பு முழுக்க வெள்ளை இழை, கிழிந்த துணி போலத் தொங்குகிறது.

காலை 7:32 – அக்கா: அது தாய்ப்பூச்சியாக இருக்கும். முதலில் அதை நசுக்கு.

காலை 7:32 – பெரியம்மா: நசுக்காதே

காலை 7:33 – பெரியம்மா: யாரும் தொடாதீர்கள். ஒரு குச்சியால் மெல்லத் தட்டிப் பார். ஓடுகிறதா?

காலை 7:35 – தம்பி: ஓடுகிறது. தண்டைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டது. சின்னவை அசையவே இல்லை.

காலை 7:37 – பெரியம்மா: அதைக் கொல்லாதே, அது நம் ஆள். பொறிவண்டின் புழு அது. மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிறது. மாவுப்பூச்சி போலவே மேலே மெழுகைப் போர்த்திக்கொண்டிருக்கும், அந்த வேடத்தில் எறும்புகூட ஏமாந்துபோகும். தாய் வண்டு தேடி வந்து மாவுப்பூச்சியின் முட்டைப் பைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும்.

காலை 7:41 – அக்கா: பெரியம்மா, படம் எடுப்பதற்கு முன்பே நாலைந்தை நசுக்கிவிட்டேன். பெரியதாக இருந்ததைத்தான் தேடித் தேடி நசுக்கினேன்.

காலை 7:43 – பெரியம்மா: விடு கண்ணு, தெரியாமல் செய்ததுதானே. நானும் பல வருடம் அதைக் கொன்றிருக்கிறேன். இன்னும் எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொல்.

காலை 7:58 – தம்பி: ஒன்பது. ஒன்றைக் கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஞ்சுப் பை ஒன்றுக்குள் தலையை நுழைத்து, உள்ளே இருக்கிற மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தின்கிறது. பை மெல்ல மெல்லச் சுருங்குகிறது. பக்கத்தில் ஒரு எறும்பு வந்து மீசையால் தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா போய்விட்டது!

காலை 8:05 – தம்பி: தேடிப் படித்தேன். பெயர் கிரிப்டோலீமஸ், சொந்த ஊர் ஆஸ்திரேலியா. கலிஃபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை மாவுப்பூச்சி அழித்தபோது, 1890களின் தொடக்கத்தில் இதைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளுக்குப் போயிருக்கிறது.

காலை 8:20 – அக்கா: அப்படியானால் நான் எண்ணெய் அடிக்கவே வேண்டாமா?

காலை 8:29 – பெரியம்மா: இந்தச் செடியில் வேண்டாம். எண்ணெய் பட்டால் இந்தப் புழுவும் போய்விடும். புழு இல்லாத, பூச்சி அப்பிக் கிடக்கிற கிளை ஏதாவது இருந்தால் அதை மட்டும் வெட்டி, பைக்குள் போட்டுக் கட்டி எறி. எறும்புக்குப் பட்டை கட்டு. அப்புறம் சும்மா இரு. சும்மா இருப்பதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

காலை 8:37 – பெரியம்மா: மற்றச் செடிகளுக்குத் தேவைப்பட்டால் லிட்டருக்கு 5 மில்லி போதும், அதற்கு மேல் போகாதீர்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது. முதலில் எண்ணெயோடு சில சொட்டு மென்மையான திரவ சோப்பைச் சேர்த்துக் குழப்பி, பிறகு தண்ணீரை விட்டுக் கலக்கு. துணி துவைக்கும் தூள் வேண்டவே வேண்டாம். இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதில் அடி. சாயங்காலம் அடிப்பது நல்லது, வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். இலைக்கு அடியில் படவேண்டும், பூச்சி அங்கேதான் இருக்கும். அடித்தவுடன் செத்து விழும் என்று காத்திருக்காதீர்கள். தின்பதை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் போகும், அதற்குச் சில நாள் ஆகும். பூவில் தேனீ உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எதையும் அடிக்காதீர்கள்.

காலை 9:15 – சித்தி: பெரியக்கா, என் கத்தரியில் வேறு கதை. இலை நன்றாக இருக்கிறது, நுனிக் குருத்து மட்டும் தலை தொங்குகிறது. தண்ணீர் காணவில்லை என்று நினைத்து இரண்டு வேளை ஊற்றினேன். நிமிரவில்லை.

காலை 9:18 – பெரியம்மா: தொங்குகிற இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, தண்டை நீளவாக்கில் பிளந்து பார்.

காலை 9:26 – சித்தி: (படம்) ஐயோ, உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு.

காலை 9:30 – பெரியம்மா: தண்டுத் துளைப்பான். காய்க்குள்ளும் இதுதான் போகும். உள்ளே போன பிறகு மேலே எதைத் தெளித்தாலும் அதன்மேல் படாது. தொங்குகிற நுனி கண்ணில் பட்ட அன்றைக்கே வெட்டு. துளை விழுந்த காயையும் பறித்துவிடு. எதையும் மட்கு குழியில் போடாதே, புழு அங்கேயே கூடு கட்டி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். செடியடியில் விழுந்து கிடக்கிற சருகையும் கூட்டி எடு. இனிமேல் வைக்கிற நாற்றுக்கு மேலே சன்ன வலை கட்டிவிடு. பூத்த பிறகு காலையில் செடியை லேசாக உலுக்கினால் வலைக்குள்ளேயே காய் பிடிக்கும்.

காலை 9:32 – சித்தி: இப்போதே போகிறேன்.

புதன்

மாலை 5:40 – நான்: (படம்) பெரியம்மா, மிளகாய் இலை சுருள்கிறது. எண்ணெய் பாட்டிலை எடுத்தேன், எடுத்த கையோடு வைத்துவிட்டேன். முதலில் கேட்டுவிடலாம் என்று.

மாலை 5:52 – பெரியம்மா: நல்ல காரியம் செய்தாய். எந்தப் பக்கம் சுருள்கிறது, மேல்நோக்கிப் படகு போலவா, கீழ்நோக்கிக் கவிழ்த்த குடை போலவா?

மாலை 5:54 – நான்: மேல்நோக்கி.

மாலை 5:57 – பெரியம்மா: இலைப்பேனாக இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைக் குருத்துக்கு அடியில் பிடித்து நாலு தட்டுத் தட்டு.

மாலை 6:08 – நான்: விழுந்தன. இமை முடியை ஒடித்துப் போட்டது போல மெல்லிய மஞ்சள் கீற்றுகள். தூசி என்றுதான் முதலில் நினைத்தேன், அப்புறம் பார்த்தால் தாளில் ஊர்ந்தன. பதினேழு எண்ணினேன்.

மாலை 6:15 – பெரியம்மா: அதேதான். கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிலந்திப்பேன், அது வெறும் கண்ணுக்கே தெரியாது, அதற்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கிற கந்தகத் தூள் வேண்டும். எண்ணெய் அடித்த செடியில் கந்தகத்தை இரண்டு வாரத்துக்கு அடிக்கக்கூடாது, இலை வெந்துவிடும். இலைப்பேனுக்கு நீ வேப்ப எண்ணெய் அடிக்கலாம். சாயங்காலம் ஆகிவிட்டது, சரியான நேரம். குருத்துக்குள் படும்படி அடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. நீலநிற ஒட்டு அட்டை ஒன்றைச் செடி உயரத்துக்குத் தொங்கவிடு.

மாலை 6:18 – நான்: சுருண்ட இலை நிமிருமா?

மாலை 6:19 – பெரியம்மா: அது நிமிராது. புதுத் தளிரைப் பார். அது நேராக வந்தால் செடி பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

மாலை 6:30 – மாமா: புகையிலையை ஊறவைத்த தண்ணீர் இதற்கு நன்றாகக் கேட்கும் என்பார்களே?

மாலை 6:41 – பெரியம்மா: கேட்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அதில் இருக்கிற நிகோட்டின் நம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். நல்ல பூச்சி கெட்ட பூச்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும். அதோடு புகையிலையில் தேமல் வைரஸ் இருந்தால் மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றிக்கொள்ளும். செடியில் கிடைக்கிறது என்பதற்காக எல்லாம் சாது என்று நினைக்கக்கூடாது.

சனி

காலை 7:15 – மாமா: (படம்) என் அவரைக் கொடியில் கருப்பு அசுவினி, அந்தச் சாறு உறிஞ்சும் செடிப்பேன். எதையும் அடிக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். நடு நடுவே சில மட்டும் பழுப்பு நிறத்தில், ஊதி, பளபளவென்று இருக்கின்றன. தொட்டால் அசையவில்லை. நோயா?

காலை 7:24 – பெரியம்மா: நல்ல செய்தி. ஒரு குட்டிக் குளவி அசுவினிக்குள் முட்டை வைத்திருக்கிறது. குளவிக்குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்திருக்கிறது, மேலே நீ பார்ப்பது வெறும் கூடு. முதுகில் வட்டமாக ஓட்டை இருக்கிறதா பார்.

காலை 7:33 – மாமா: நாலில் இருக்கிறது! கம்பாஸ் வைத்து வெட்டியது போல வட்டம், மூடி ஒன்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காலை 7:36 – பெரியம்மா: அந்த நாலில் இருந்தும் குளவி வெளியே வந்துவிட்டது, இந்நேரம் அடுத்த அசுவினியைத் தேடிக்கொண்டிருக்கும். பழுப்புக் கூடு உள்ள இலையைப் பறிக்காதே. கூடு இல்லாத நுனிகளில் மட்டும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சு, கீழே விழுகிற அசுவினி பெரும்பாலும் திரும்ப ஏறாது. எரு எவ்வளவு போடுகிறாய்?

காலை 7:38 – மாமா: வாரம் ஒரு முறை, தாராளமாக.

காலை 7:40 – பெரியம்மா: குறைத்துக்கொள். தழைச்சத்து அதிகமானால் குருத்து மெத்தென்று வளரும், அசுவினி அதைத்தான் தேடி வரும். அதற்கு ஆணும் வேண்டாம், முட்டையும் வேண்டாம், நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். நாம் தீனி போட்டு வளர்க்க வேண்டாம்.

அடுத்த வாரம் கழிந்து, ஞாயிறு

காலை 6:58 – அக்கா: (படம்) (படம்) பெரியம்மா, பதினைந்து நாள் ஆயிற்று. முதல் வாரம் தினமும் பயந்துகொண்டே பார்த்தேன், இரண்டு பிஞ்சு உதிர்ந்தது, ஒரு கிளையை வெட்ட வேண்டியதாயிற்று. எறும்பு ஏறுவது மூன்றாம் நாளே நின்றது. இன்று இலையைத் திருப்பினால் வெறும் பஞ்சுதான் ஒட்டியிருக்கிறது, உள்ளே பூச்சி இல்லை. புதுக் குருத்து சுத்தமாக இருக்கிறது. மீதி ஆறு காயும் தேறிவிட்டன.

காலை 7:01 – அக்கா: இன்னொன்று. கருப்பாகச் சின்ன வண்டு ஒன்று தண்டில் நடக்கிறது. மிளகு அளவுதான். தலையும் வால் பக்கமும் மட்டும் ஆரஞ்சு நிறம். அவன்தானா?

காலை 7:03 – பெரியம்மா: அவனேதான். வேடத்தைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறான்.

காலை 7:05 – தம்பி: நான் கிளம்பிவிட்டேன். படம் எடுக்கும் வரை அதைப் பறக்க விடாதீர்கள்.

காலை 7:09 – சித்தி: கத்தரி நுனி இந்த வாரம் ஒன்றுகூடத் தொங்கவில்லை. ஆனால் வெண்டையில் மாவுப்பூச்சி வந்திருக்கிறது. இலை இலையாகத் தேடிவிட்டேன், வேடம் போட்டவர் ஒருவர்கூட இல்லை. உன்னிடம் புழு மிச்சம் இருக்கிறதா?

காலை 7:12 – அக்கா: நாலு இருக்கிறது சித்தி. இங்கே அவற்றுக்கு இனித் தீனியும் இல்லை.

காலை 7:15 – பெரியம்மா: இலையோடு பறித்து டப்பாவில் போடு. வாயில் துணி கட்டு, மூடி போட்டால் உள்ளே வேர்த்துவிடும். கொஞ்சம் மாவுப்பூச்சியும் கூடவே இருக்கட்டும், பசித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நீ வெண்டைக்கு எறும்புப் பட்டை கட்டிவிட்டாயா?

காலை 7:16 – சித்தி: இதோ கட்டுகிறேன்.

காலை 7:18 – அக்கா: கட்டி முடியுங்கள் சித்தி. வெயில் ஏறுவதற்குள் தம்பியிடம் டப்பாவைக் கொடுத்து அனுப்புகிறேன்.