செருப்போட படுத்த பிள்ளை. உங்க வீட்ல எப்படி?

மூணாறு_கொழுந்து:
2024 ஜூலை கடைசி. வயநாடு சூரல்மலை நிலச்சரிவு செய்தி எங்க எஸ்டேட் லயத்துல எல்லா வீட்டு டிவியிலயும் ஓடுது. மூணாறு பக்கத்து பெட்டிமுடி நிலச்சரிவு (2020 ஆகஸ்ட் 6, 70 பேர் செத்தாங்க) ஞாபகம் வந்து பெரியவங்க யாரும் வாயே திறக்கல. டிவியை மட்டும் அணைக்கல. அன்னைக்கு ராத்திரி, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் மக செருப்பு மாட்டிக்கிட்டே கம்பளிக்குள்ள படுத்திருக்கா. கழட்டுடின்னேன். "ராத்திரிதானேம்மா வரும், இருட்டுல எப்படித் தேடுறது?"ன்னா. ரெண்டும் ராத்திரிதான் வந்துச்சு, அவ சொன்னதுல தப்பே இல்ல. எனக்கு என்ன ஆச்சோ, "ஒண்ணும் வராது, தூங்கு"ன்னு கத்தி நானே உருவிப் போட்டேன். அழவே இல்ல அவ. காலையில பாத்தா ரெண்டு செருப்பும் தலகாணிக்கு அடியில, உறை பூரா செம்மண். அந்தக் கறை இன்னும் போகல.

பாலக்காடு_டீச்சர்:
அழாததுதான் கவனிக்க வேண்டியது. 2018 வெள்ளத்துல கல்பாத்தி ஆத்து ஓரத்து ஜனங்களோட கேம்ப்ல இருந்தேன். ஒரு பையன் தினமும் சோப்பு டப்பாவுல வீடு கட்டி, மக்குல தண்ணி ஊத்திக் கவுப்பான். உள்ள ஒரு பூனை வேற, தீப்பெட்டிதான். அவன் பாட்டி "அபசகுனம்"னு முதுகுல ஒண்ணு வச்சாங்க. நான் தடுத்து, "பூனை எங்கடா ஏறும்?"னு கேட்டேன். மறுநாள் ஒரு செங்கல் வச்சான். அப்புறம் செங்கலையும் சேத்து முக்கிட்டான்! சரி, அவன் விளையாட்டு, விட்டுட்டேன்.

சூலூர்பேட்டை_அப்பா:
2023 டிசம்பர், மிக்ஜாம். கரண்ட் இல்ல, என் பையன் "புயலுக்கு யாருப்பா பேரு வைக்கிறா?"ன்னு கேட்டுக்கேட்டே தூங்கிட்டான். அவ்வளவுதான் என் கதை.

ஆனா டீச்சர், விளையாட விட்டுட்டா ஆச்சுன்னு சொல்றது சரியில்ல. ஒரு மாசம் தாண்டியும் படுக்கையில ஒண்ணுக்குப் போறான், பள்ளிக்கூடம் போகமாட்டேங்கிறான்னா டாக்டர்கிட்ட காட்டணும். கொழுந்து அக்கா, "ஒண்ணும் வராது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு ஏதாவது வந்துட்டா அப்புறம் உங்க பேச்சையே நம்பாது. "வரலாம், வந்தா என்ன செய்யணும்னு அம்மாவுக்குத் தெரியும்"னு சொல்லுங்க. மழை அலர்ட்டோட நிறத்தைச் சொல்லிக் கொடுங்க. சிவப்பு அலர்ட்னா 24 மணி நேரத்துல 204.4 மில்லிமீட்டருக்கு மேல பெய்யலாம்னு அர்த்தம். நம்பர் எதுக்கு, "சிவப்புன்னா பெரியம்மா வீட்டுக்குப் போயிருவோம்" போதும். ஓடைத் தண்ணி திடீர்னு கலங்குனா, மழை பெஞ்சிட்டே இருக்கப்ப தண்ணி குறைஞ்சா, சுவத்துல புதுசா வெடிப்பு விட்டா உடனே வந்து சொல்லணும்னு பழக்குங்க. அதை ஒரு வேலையா குடுத்தா பயம் பாதி குறையும். டார்ச், ரேஷன் கார்டு, ஒரு பொம்மை எல்லாம் ஒரே பையில. பொம்மையை மறக்காதீங்க, சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். அப்புறம் அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடாதீங்க. சின்னதுங்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா நடக்குற மாதிரியே இருக்கும்.

பாலக்காடு_டீச்சர்:
சார், நான் "ஆச்சு"ன்னு எங்க சொன்னேன்? பாட்டி அடிச்சதைத் தடுத்தேன், அதைச் சொன்னேன்.

மூணாறு_கொழுந்து:
டீச்சர் சொன்னதை நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேன், சண்டை வேணாம். இந்த வருஷம் மழை ஆரம்பிச்சதும் வாசக்கதவு ஓரமா ஒரு சாக்கு விரிச்சு, "உன் செருப்பு இங்கதான், கண்ணை மூடிட்டே எடு பாப்போம்"னேன். நாலஞ்சு தடவை எடுத்துக் காட்டினா. இப்ப வெறுங்காலோடதான் படுக்குறா. ஆரஞ்சு அலர்ட் வந்த அன்னைக்கு என் செருப்பையும் கொண்டாந்து பக்கத்துல வச்சிட்டு, "கட்டிப் போட்டிருக்கோமே, நாயை யாரும்மா அவுத்து விடுறது?"ன்னு கேட்டா. அதுக்கு இன்னும் பதில் சொல்லல.