நகராட்சி பட்ஜெட்டும் நம்ம தெருவும்: நேரில் பார்த்ததைப் பகிருங்கள்

கிழக்குத்தெரு

மூன்று மாதமாக மனசை அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். எங்கள் தெரு சாக்கடைக் கதை இங்கே பலருக்கும் தெரியும். போன ஐப்பசி மழையில் அம்மா அதில்தான் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அதனால்தான் மார்ச் மாத பட்ஜெட் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போனேன்.

வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, உபரி இவ்வளவு என்று வாசித்தார்கள். மேஜையைத் தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. என் கடிகாரப்படி 22 நிமிடம். எங்கள் வார்டு கவுன்சிலர் முதல் தடவை ஜெயித்து வந்த அம்மா, தையல் கடை வைத்திருப்பவர். பட்ஜெட் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி எழுந்தார். எங்கள் தெரு வடிகால் மூன்று வருடமாக பட்ஜெட்டில் வருகிறது. வருடக் கடைசியில் ‘திருத்திய மதிப்பீடு’ என்ற கட்டத்தில் பூஜ்ஜியமாகிவிடுகிறது. மறு வருடம் பழைய தொகையே திரும்ப வந்து உட்காருகிறது. அதைத்தான் கேட்க வந்தார். “அது தனியா பேசிக்கலாம்மா, உட்காருங்க” என்றார்கள். உட்கார்ந்தார். புத்தகத்தை மூடினார், ஆனால் ஒரு விரலை மட்டும் அந்தப் பக்கத்திலேயே விட்டிருந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும் வரை அந்த விரலை எடுக்கவேயில்லை. என் அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போதுகூட எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பேரேடு

தம்பி, அம்மா தேறி வரட்டும். 31 வருடம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைத் திருத்துகிறேன். பட்ஜெட் புத்தகத்தில் தெருப்பெயர் இருக்காது. தலைப்பு வாரியாகத்தான் இருக்கும். நீங்கள் பார்த்தது பின்னால் சேர்த்த பணிகள் பட்டியல். பட்டியலில் வந்துவிட்டால் பணம் வந்ததாக அர்த்தமில்லை. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நகராட்சியில் ஒரே கல்லாப்பெட்டி இருப்பதாக ஜனங்கள் நினைக்கிறார்கள். வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று பெட்டி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று பங்கு வருகிறதே, அதிலும் ஓய்வூதியப் பங்கு, கடன் தவணை போன்றவற்றை மேலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். அதை வைத்துத்தான் சம்பளம், கரண்ட் பில், தெருவிளக்கு எல்லாம்.

என் அனுபவம் இது. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை கவுன்சிலே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்தில் ஒரு தீபாவளி வாரம். பம்பிங் ஸ்டேஷன் கரண்ட் பில் ஒரு ஃபைல், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் இரண்டு மாதச் சம்பளம் ஒரு ஃபைல். வங்கியில் இருந்தது ஒன்றுக்குத்தான் காணும். கரண்ட் பில்லுக்குக் குறிப்பு எழுதியது நான்தான். கட்டாவிட்டால் ஊருக்கே தண்ணீர் நின்றுவிடும். மறுநாள் காலையில் ஒரு அம்மா என் மேஜை முன்னால் வந்து நின்றார். கையில் கிழிந்த கையுறை, இரண்டு விரல் நுனி வெளியே தெரிந்தது. சண்டை போடவில்லை. “சார், எங்க ஃபைலு எந்த மேசையில இருக்கு?” என்று மட்டும் கேட்டார். அது என் மேஜையில்தான் இருந்தது. அவர் கைக்கெட்டும் தூரத்தில். ஆணையர் ரூமில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தறிவீடு

ஐயா எழுதுனதப் படிச்சு மனசு கனத்துப் போச்சு. நான் வரி கட்டுற பக்கத்துலேர்ந்து சொல்றேன். 2022ல வீட்டு வரி ஏத்துனாங்கல்ல, 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. எங்க வீடு 1200க்குள்ளதான். டேப்பு பிடிக்க வந்தவர் பின்னாடி தறி போட்டிருக்கிற ஷீட் கொட்டாயையும் அளந்து, இது தொழில் கட்டடம்னு தனியா எழுதிட்டார். ஒத்தத் தறி, மாமனார் நெய்யறது. அதை மாத்தி வாங்க ஏழு தடவை நடந்தேன். சரி, அது முடிஞ்ச கதை.

முடியாதது வேற. ரசீதுல நூலக வரின்னு தனியா ஒரு வரி இருந்துச்சு. வீட்டு வரியில ரூபாய்க்குப் பத்துப் பைசான்னு கவுண்டர்ல சொன்னாங்க. எங்க வார்டு லைப்ரரி எப்பவும் சாயங்காலம் பூட்டித்தான் கிடக்கும். அன்னிக்கு வரி கட்டிட்டு மகளைக் கூட்டிக்கிட்டு அந்த வழியா வந்தேன். அவ ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உள்ள அடுக்கி இருந்த புத்தகங்களோட முதுகுல இருக்கிற பேரை ஒண்ணொண்ணா சத்தமாப் படிச்சா. ஆறாவது படிக்கிறா. மேல் தட்டு முழுக்கப் படிச்சு முடிச்சுட்டு “கீழ் தட்டு தெரியலம்மா, தூக்கிப் பிடி”ன்னா. நான் தூக்கிப் பிடிச்சேன். ரசீது இன்னொரு கையில இருந்துச்சு. நகராட்சிக்காரங்க நம்ம காச வாங்கிட்டு இப்படிப் பூட்டி வெக்கலாமா?

சட்டப்படி

நானும் ஒரு தெருவிளக்குக்காக இரண்டு வருடம் அலைந்தவன். கம்பம் இருந்தது, விளக்கு இல்லை. அலுவலகத்தில் கேட்டால் “பொருத்தியாச்சு” என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள். அந்தப் பதிவேட்டில் என் வீட்டு எதிர்க் கம்பத்தின் எண்ணுக்கு நேரே நீல மையில் ஒரு டிக். அந்த டிக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கிழக்குத்தெரு நண்பருக்குச் சொல்கிறேன், கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால் போதாது. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இல் மனுப் போடுங்கள். வெள்ளைத்தாள் போதும், 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள், போய்ச்சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். “ஏன் வேலை நடக்கவில்லை” என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் தர வேண்டியதில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். அந்தப் பணிக்கான மன்றத் தீர்மானத்தின் நகல், எஸ்டிமேட் நகல், நிர்வாக அனுமதி ஆணை. வேலை முடிந்ததாகச் சொன்னால் எம்-புக் பக்கங்களின் நகல். அளவு எழுதும் புத்தகம் அதுதான், யார் எந்தத் தேதியில் எத்தனை மீட்டர் அளந்து கையெழுத்துப் போட்டார் என்று அதில் இருக்கும். எல்லாவற்றையும்விட நல்லது, “கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்” என்று ஒரு வரி சேர்ப்பது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிரிவு 19(1). நாளை எண்ணிக் காலண்டரில் குறித்து வையுங்கள், பலர் கோட்டை விடுவது அங்கேதான். ஒரே மனுவில் பத்து விஷயம் கேட்காதீர்கள். ஒரு பணிக்கு ஒரு மனு. வருடத்தைக் குறிப்பிடுங்கள், “இதுவரை” என்று எழுதாதீர்கள்.

கிழக்குத்தெரு

நன்றி சார். மனு இரண்டு போட்டாயிற்று. நான் கேட்டது அனுபவத்தைத்தான்.

மூணாம்வார்டு

பேரேடு ஐயாவிடம் எனக்குக் கோபம் உண்டு, மரியாதையோடுதான் சொல்கிறேன். சம்பளத்துக்குப் பணமில்லை, சாக்கடைக்குப் பணமில்லை. ஆனால் அதே வருடம் எங்கள் பக்கம் குப்பை பிரிக்கும் கொட்டகை கட்டினார்கள், பேட்டரி வண்டி வரிசையாக வந்தது. அதற்கு மட்டும் எங்கிருந்து பணம்?

பேரேடு

கோபம் நியாயம்தான். அது திட்ட நிதி. 15ஆவது நிதிக்குழு மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021லிருந்து 2026 வரை நம்மைப் போன்ற ஊர்களுக்கு ஒதுக்கியதில் 60 சதவீதம் நிபந்தனையோடு கட்டிப்போட்ட பணம். குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும்தான் தொடலாம். அந்த மானியத்தைச் சம்பளத்துக்குப் போட்டால் தணிக்கையில் தடை எழுதுவார்கள். வண்டி வாங்கப் பணம் உண்டு, வண்டி ஓட்டுகிறவருக்குக் கொடுக்கப் பணம் கிடையாது. இதை நான் நியாயப்படுத்தவில்லை. வருடா வருடம் இதைக் கணக்கில் எழுதி எழுதி எனக்கே வயிறு எரிந்திருக்கிறது.

மூணாம்வார்டு

அப்படியானால் அந்தக் கணக்கைக் கவுன்சிலுக்கு யாராவது புரியும்படி சொன்னீர்களா? எங்கள் கவுன்சிலருக்கு இன்றைக்கும் தெரியாது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினம். நகரங்களில் முதல் தடவையாகப் பகுதி சபை கூட்டினார்கள். கிராமத்தில் கிராம சபை இருக்கிற மாதிரி நமக்கும் ஒன்று வந்ததே என்று ஆசையோடு போனேன். சமுதாயக் கூடத்தில் நாற்பது பேர் இருப்போம். குழாய்த் தெரு பாட்டி ஒருவர் வாட்டர் பாட்டிலில் அன்று காலை பிடித்த தண்ணீரை எடுத்து வந்திருந்தார். மஞ்சளாக இருந்தது, அடியில் துரு மாதிரி தங்கியிருந்தது. பேசவேயில்லை, மேஜை நடுவில் கொண்டுபோய் வைத்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க இடம் வேண்டும் என்று அலுவலர் அந்தப் பாட்டிலை எடுத்துக் கீழே, தன் கால் பக்கம் வைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் கூட்டம் முடியும் வரை அதை யாரும் மேலே எடுக்கவில்லை. பாட்டி போகும்போது குனிந்து தேடி எடுத்துக்கொண்டு போனார். நான் பக்கத்திலேயே இருந்தேன். நானாவது எடுத்து மேலே வைத்திருக்கலாம்.

சுண்ணாம்புக்கார வீதி

நல்லதும் ஒன்று நடந்தது, சொல்கிறேன். நமக்கு நாமே திட்டத்தில் எங்கள் வீதிக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டு மயானத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டினோம். அரசுப் பணம் வந்தது, எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. தரம் நன்றாக இருக்கிறது, ஏனென்றால் சிமெண்ட் மூட்டையை எங்கள் ஆளே எண்ணினார்.

ஆனால் மயானத்துக்கு அந்தப் பக்கம் காலனி. அவர்களுக்குப் பாதை வேண்டும், மழைக்காலத்தில் பாடையை முழங்கால் சேற்றில் தூக்கிப் போகிறார்கள். பங்குப் பணத்துக்கு எங்கே போவார்கள்? அந்தக் காலனிப் பெரியவர் எங்கள் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு “உறுதியா இருக்குதுங்க” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கையில் இருந்த லட்டு இறங்கவில்லை. பணம் போட முடிந்தவன் தெருவுக்கு முதலில் வேலை நடக்கும் என்றால் அது சரியான ஏற்பாடு இல்லை என்று நான் இப்போது வெளிப்படையாகவே பேசுகிறேன். வீதியில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

பேரேடு

தறிவீடு அம்மாவுக்கு ஒரு பதில் பாக்கி. நூலக வரியை நகராட்சி வசூலிப்பது மட்டும்தான். 1948ஆம் வருட பொது நூலகச் சட்டப்படி அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச்சேர வேண்டிய பணம். நூலகம் திறக்கும் நேரமும் ஆள் போடுவதும் அவர்கள் பொறுப்பு. நகராட்சி வசூலித்த தொகையை ஒழுங்காக அனுப்புகிறதா என்பது தனிக் கேள்வி. நான் இருந்த காலத்தில் தாமதமாகத்தான் அனுப்பினோம், ஒத்துக்கொள்கிறேன்.

தறிவீடு

அப்போ நான் இத்தனை நாளா தப்பான ஆபீஸ்ல சண்டை போட்டிருக்கேனா ஐயா? யாருமே சொல்லலியே. எங்க போகணும்?

பேரேடு

மாவட்ட நூலக அலுவலர், மாவட்ட மைய நூலகத்தில்தான் இருப்பார். ரசீது நகலை எடுத்துப் போம்மா. வார்டில் நான்கு பேரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்.

கிழக்குத்தெரு

ஐயா, அந்தத் தூய்மைப் பணியாளர் அம்மாவுக்குச் சம்பளம் எப்போது கிடைத்தது?

பேரேடு

தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள்.

தறிவீடு

கையெழுத்து பதினோரு பேர் போட்டிருக்காங்க. திங்கக்கிழமை பாப்பாவுக்கு லீவு, அவளையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.