பால் குடிக்கும்போது வியர்த்த மகள்

மகளுக்கு அப்போது 11 மாதம். நிறை 6 கிலோதான். பால் குடிக்கத் தொடங்கினால் நெற்றியெல்லாம் வியர்க்கும். நாலு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்குவாள். கிளிநொச்சி வெயிலுக்கு யாருக்குத்தான் வியர்க்காது என்று நாங்களும் விட்டுவிட்டோம். மாதம் தவறாமல் சளி. காட்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் சளி மருந்துதான் தந்தார்கள். நிறை பார்க்க வந்த மிட்வைஃப் அக்காதான் கொப்பியில் கோடு ஏறாமல் கிடப்பதைக் காட்டி, "தங்கச்சி, இது வெறும் சளியில்லை, பெரிய டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார்.

எக்கோ என்ற இருதய ஸ்கானில் தெரிந்தது. ஊர் முழுக்க "இருதயத்தில ஓட்டையாம்" என்று கதை. ஓட்டை இல்லை. கருவில் பிள்ளையின் நுரையீரலுக்கு வேலை இல்லை என்பதால், அங்கே போகும் இரத்தத்தை, உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருநாடிக்குத் திருப்பிவிட ஒரு சிறு குழாய் இருக்கும். பிறந்து சில நாளில் அது தானாக மூடிவிடும். இவளுக்கு மூடவில்லை. பெருநாடி இரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே பாய்ந்துகொண்டிருந்தது.

நெஞ்சைக் கிழிக்கப் போகிறார்கள் என்று மாமி அழுது, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். கொழும்பில் நெஞ்சில் கத்தியே படவில்லை. தொடை இடுக்கில் ஊசி போட்டு, இரத்தக்குழாய் வழியே கதீற்றர் என்ற மெல்லிய குழாயை இருதயம் வரை கொண்டுபோனார்கள். மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் அந்த மூடாத குழாயின் வடிவத்தைப் பார்த்து, நிற்றினோல் என்ற உலோகக் கம்பிப் பின்னலால் ஆன சின்ன அடைப்பானை அதற்குள் வைத்தார்கள். ஒடுங்கிப் போய், உள்ளே விரிந்து நிற்குமாம். அப்புறம் சில மணித்தியாலம் காலை மடக்காமல் பிடித்திருக்க நான் பட்ட பாடு! அடுத்த நாளே வீட்டுக்கு விட்டார்கள். அன்று இரவு இடையில் நிறுத்தாமல் பால் குடித்தாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஈரமே இல்லை.

இதைப் படித்துவிட்டு ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு அப்பா எழுதியது:

அக்கா, என் மகன் நீலம் பாய்ந்து பிறந்தவன். நுரையீரலுக்குப் போகும் வழி ஒடுங்கியதால், பெருநாடியில் இருந்து மேலதிகக் குழாய்கள் கிளம்பியிருந்தன. பெரிய ஒப்பரேசனுக்கு முதல் அதில் இரண்டை இதே கதீற்றர் வழியால் கொயில் வைத்து அடைத்தார்கள். சுருள் கம்பிதான், அதைச் சுற்றி இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். அந்தப் பக்க நுரையீரலுக்கு வேறு வழியாலும் இரத்தம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் அடைப்பார்களாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்க முதல் விளங்காவிட்டால், தமிழ் தெரிந்த நேர்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கோ. நான் மூன்று தடவை கேட்டேன், ஒருவரும் கோபிக்கவில்லை.