மறு: 'ஸ்பில்ஓவர்' தமிழில் என்ன? 'பொசிவு' என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒருவருக்குச் செய்ததன் விளைவு, செய்யப்படாத இன்னொருவரிடமும் போய்ச் சேருவதை ஆங்கிலத்தில் 'ஸ்பில்ஓவர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக ஒரு வரி விடாமல் படித்து வருகிறேன். இதுவரை வந்த சொற்கள்: வழிவு, கசிவு, பரவல், புறவிளைவு, அயற்பயன். கடைசிச் சொல் நான் சொன்னது. அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் கீழே வருகிறது. என் புதிய முன்மொழிவு: பொசிவு.

எந்தப் பொருளுக்குச் சொல் தேடுகிறோம் என்பதை ஓர் ஆய்வை வைத்துப் பார்த்துவிடுவோம். அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் இந்த இழை முடியாது.

கென்யாவின் மேற்குப் பகுதியில் உள்ள புசியா மாவட்டம். 1998-இல் அங்கே 75 தொடக்கப் பள்ளிகளை, குழுவுக்கு 25 என்று மூன்றாகப் பிரித்தார்கள். மாணவர் தொகை 30,000-க்கு மேல். முதல் குழுவுக்கு 1998-இலேயே குடற்புழு மருந்து, இரண்டாம் குழுவுக்கு 1999-இலிருந்து, மூன்றாம் குழுவுக்கு 2001-இல். எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வசதி இல்லை. அந்தக் காத்திருப்பையே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். எட்வர்டு மிகுவெல், மைக்கேல் கிரேமர் இருவரும் 2004-இல் வெளியிட்ட முடிவு இது: மருந்து கிடைத்த பள்ளிகளில், பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தேர்வு மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரியவில்லை. (2019-இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவர் இந்தக் கிரேமர்தான்.)

நமக்கு வேண்டிய பொருள் இந்த ஆய்வின் ஓர் ஓரத்தில் இருக்கிறது. 13 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்பிள்ளைகளுக்கு அந்த மருந்து கொடுக்கக் கூடாது என்பது திட்டத்தின் விதி. கருவுற்றிருந்தால் குழந்தைக்குக் கேடு வருமோ என்ற அச்சம். ஆக, ஒரே பெஞ்சில் தம்பி மாத்திரையை விழுங்குகிறான், அக்கா விழுங்கவில்லை. மருந்து கொடுத்த நாளில் பள்ளிக்கு வராதவர்களும் விழுங்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு சோதித்துப் பார்த்தபோது, அதே பள்ளியில் மருந்தே உண்ணாத பிள்ளைகளிடமும் புழுத்தொற்று குறைந்திருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. இந்தப் புழுக்கள் மனிதக் குடலுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகுவதில்லை. முட்டை மலத்தோடு வெளியே போக வேண்டும், மண்ணில் கிடந்து முதிர வேண்டும், அப்புறம்தான் அடுத்த ஆளுக்கு ஏறும். கொக்கிப்புழு வெறுங்காலைத் துளைத்து ஏறும். உருண்டைப்புழு அழுக்குக் கையோடு வாய்க்குப் போகும். தம்பியின் குடலில் புழு செத்தால் மண்ணில் விழும் முட்டை குறைகிறது. அதனால் அந்த மண்ணில் நடக்கும் அக்காவுக்கும் தொற்று குறைகிறது. இப்படி ஒருவருக்குச் செய்தது, செய்யப்படாத இன்னொருவரிடம் போய்ச் சேருகிறதே, அதற்குத்தான் சொல் வேண்டும்.

இனி சொற்களுக்கு வருவோம்.

> வழிவு என்றால் நேரடியாக இருக்குமே

பாத்திரம் நிறைந்தால்தான் வழியும். தம்பிக்கு மருந்து அதிகமாகிப் போய் மிச்சம் அக்காவுக்கு வரவில்லை. வழிந்தது வீண் என்ற எண்ணமும் சொல்லோடு கூடவே வருகிறது. மூலச்சொல்லில் உள்ள படிமத்தை அப்படியே பெயர்த்ததால் வந்த கோளாறு இது. கொரோனா காலத்தில் 'மந்தை' எதிர்ப்பாற்றல் என்று எழுதிவிட்டு, மக்களை ஆடுமாடு என்பதா என்று வாங்கிக்கட்டிக்கொண்டது நினைவிருக்கும். அப்புறம்தான் சமூக எதிர்ப்பாற்றல் என்பதற்கு வந்தோம்.

கசிவு என்ற சொல்லை நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். நலப்பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக் கையேட்டை மொழிபெயர்த்தபோது 'மருந்தின் கசிவு விளைவு' என்று எழுதினேன். படித்துப் பார்த்த செவிலியர் அக்கா பேனாவை அந்த வரியில் வைத்து, "எவ்வளவு கசிந்தது? இருப்புக் கணக்கில் இது எங்கே வரும்?" என்று கேட்டார். மருந்து களவு போனதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் நினைத்தது சரி. உதவித்தொகையோ உணவுப் பொருளோ உரியவருக்குப் போகாமல் இடையில் மறைவதற்கு ஏற்கெனவே 'கசிவு' என்றுதான் எழுதுகிறோம். அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடுவோம்.

பரவல் என்பது நோய்க்குப் போய்விட்டது. 'மருந்தின் பரவலால் புழுப் பரவல் குறைந்தது' என்று எழுதிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

புறவிளைவு நல்ல சொல். ஆனால் பொருளாதாரத்தில் அதற்கென்று நிலைத்த இடம் இருக்கிறது: ஆலைப் புகை மாதிரி, விலையில் சேராமல் பிறர் தலையில் விழும் செலவும் பயனும். நமக்கு வேண்டியது அதற்குப் பக்கத்து வீடு, அதே வீடு அல்ல. பேச்சில் அது 'பக்கவிளைவு' என்று மாறிப்போகும் ஆபத்தும் உண்டு.

பொசிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம். பள்ளியில் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான்: 'நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்'. இந்த வரியை இத்தனை ஆண்டு நல்லாரைப் பற்றிய அறிவுரையாக மட்டும் படித்திருக்கிறேன். புசியா ஆய்வைப் படித்த பிறகு பார்த்தால், ஆய்வாளருக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. நீரை யாருக்கு இறைத்தோம், எந்த வழியாக ஓடியது, யாரிடம் போய்ச் சேர்ந்தது. 'வாய்க்கால் வழியோடி' என்ற இடம்தான் முக்கியம். பயன் சும்மா போய்ச் சேராது; அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். புசியாவில் அந்த வாய்க்கால், மண்.

> புல் என்பது களை. மருந்து கிடைக்காத குழந்தையைக் களை என்பீர்களா?

அம்மா, இந்தக் கேள்வி என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. குழந்தையை அப்படிப் பார்க்கும் சொல் எதுவும் நமக்கு வேண்டாம். ஆனால் நான் எடுப்பது வினையை மட்டும்தான். 'பொசிவு' என்று படிப்பவர் கண்ணில் படுவது மண்ணுக்குள் நகரும் ஈரம். கையேட்டில் செய்யுளை மேற்கோள் காட்ட மாட்டேன், அதை உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன்.

பொசி என்பது 'பொசுங்கு' போல ஒலிக்கிறது, இளையவர்கள் குழம்புவார்கள் என்று இன்னொரு நண்பர் சொன்னார். முதல் தடவை குழம்பலாம். இரண்டு பக்கம் தாண்டினால் பழகிவிடும். அரிதான சொல்லாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு, வேறு பொருள் எதுவும் அதன்மேல் வந்து ஏறவில்லை.

கலைச்சொல் என்றால் அதிலிருந்து மற்ற சொற்கள் பிறக்க வேண்டும். பொசிந்த பயன். பொசிவு வழி. பொசிவெல்லை, அதாவது எவ்வளவு தூரம் போகிறது என்பது. இந்தக் கடைசிச் சொல் வெறும் அழகுக்காக இல்லை. புசியாவில் பக்கத்துப் பள்ளிகளுக்கும் பயன் போனதாக முதல் கட்டுரை சொன்னது. 2015-இல் வெளியான மறுபகுப்பாய்வு அதன் கணக்கில் பிழைகளைக் காட்டியது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த பள்ளிகள் பற்றிய முடிவு நிற்கவில்லை. ஊரெல்லாம் ஒரே வீச்சில் மருந்து கொடுப்பதால் படிப்பில் எவ்வளவு பயன் என்ற பெரிய வாதம் இன்றும் முடியவில்லை. அந்த வாதத்தைத் தமிழில் நடத்த, பொசிவு வேறு, பொசிவெல்லை வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

'அயற்பயன்' என்ற என் பழைய சொல்லைக் கைவிட்டதற்குக் காரணம் பிலிப்பைன்ஸ். ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையோடு உதவித்தொகை கொடுத்தார்கள். அது கிடைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நல்லது நடந்தது. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குப் பணம் போன ஊர்களில் முட்டை மாதிரியான சத்துணவின் விலை ஏறிவிட்டது. பணம் கிடைக்காத வீட்டுச் சிறு குழந்தைகளிடம் வயதுக்கேற்ற உயரம் இல்லாத நிலை கூடியது. இங்கே வாய்க்கால், சந்தை. போய்ச் சேர்ந்ததைப் பயன் என்று எப்படிச் சொல்வது? பொசிவு என்றால் இரண்டுக்கும் பொருந்தும், உப்புநீரும் பொசியும்தானே. வேண்டிய இடத்தில் நற்பொசிவு, தீப்பொசிவு என்று பிரித்துக்கொள்ளலாம்.

மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய புரோகிரேசா திட்டத்தில் வாய்க்கால் வேறு: உறவு. உதவித்தொகை பெறத் தகுதி இல்லாத வீடுகளிலும் உணவுச் செலவு கூடியது. பணம் கிடைத்த சொந்தக்காரர்கள் கடனாகவும் கைமாற்றாகவும் கொடுத்ததுதான் காரணம்.

மண், சந்தை, உறவு என்று வழி எதுவானாலும் ஒரே சொல் தாங்குகிறது. அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். இந்தப் பொருளுக்குச் சொல் இல்லாததால் நம் மொழிபெயர்ப்புகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டு, 'வேறுபாடு சிறிது, ஆகவே மருந்தால் பயனில்லை' என்று எழுதிவிடுகிறோம். ஒரே பள்ளிக்குள் சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் இது இன்னும் மோசம். பொசிவால் இரு தரப்பும் தேறியிருந்தால் வேறுபாடு சிறியதாகத்தானே தெரியும்? பள்ளியையே ஓர் அலகாக எடுத்துப் பிரிக்கும் முறை இதைச் சமாளிக்கத்தான். சொல் கையில் இருந்தால் அடுத்த மொழிபெயர்ப்பாளர் அந்த வரியில் ஒரு கணம் நின்று யோசிப்பார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பொசிவு வந்து சேர்ந்துவிட்டதால் ஒப்பீட்டுக்கு உதவாமல் போன குழுவை ஆங்கிலத்தில் 'மாசுபட்டது' என்ற பொருளில் சொல்கிறார்கள். நன்மை அடைந்த பிள்ளைகளை மாசுபட்டவர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'பொசிவுற்ற ஒப்பீட்டுக் குழு' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். நீளம் அதிகம்தான். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

கையேட்டின் அந்த வரியை நேற்று இப்படி மாற்றினேன்: 'மருந்தின் பயன் உண்ணாத பிள்ளைகளுக்கும் பொசிகிறது, எனவே அவர்களையும் சேர்த்துச் சோதியுங்கள்.' செவிலியர் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்