'கேஷ் ஆன் டிமாண்ட்': ஒரே வங்கிக்குள் இவ்வளவு பதற்றம் எப்படி?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். ஹாமர் என்னும் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 1961இல் தயாரித்த 'கேஷ் ஆன் டிமாண்ட்' என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தை நேற்றிரவு பார்த்தேன். துப்பாக்கிச் சண்டையோ துரத்தலோ கிடையாது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஓர் ஆங்கிலச் சிற்றூர் வங்கியில் நடப்பதுதான் ஏறக்குறைய முழுக் கதையும். ஆயினும் இருக்கையை விட்டு எழ மனம் வரவில்லை. செலவைக் குறைப்பதற்காக ஒரே அரங்க அமைப்பில் எடுத்தார்கள் என்றால், அந்தச் சிக்கனமே படத்துக்கு எப்படி வலிமையாயிற்று?

மறுமொழி 1:
அக்காலப் பிரிட்டிஷ் திரையரங்குகளில் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் இருந்தது. முதன்மைப் படத்துக்குத் துணையாக ஓட, ஒரு மணி நேரத்தை ஒட்டிய சிறு படங்கள் தேவைப்பட்டன. மெர்ட்டன் பார்க் படப்பிடிப்புத் தளத்தில் உருவான எட்கர் வாலஸ் குற்றக்கதைப் பட வரிசையும் அத்தகையதே. இந்தப் படத்தின் கதை முதலில் தொலைக்காட்சி நாடகமாக வந்தது என்பதால், நான்கு சுவருக்குள் நின்று பேச்சாலேயே நகரும் கட்டுக்கோப்பு அதற்கு இயல்பாகவே இருந்தது.

மறுமொழி 2:
அது உண்மைதான், ஆனால் சிக்கனத்தால் மட்டும் இந்தப் பதற்றம் வந்துவிடாது. பீட்டர் குஷிங் நடித்த மேலாளர் ஃபோர்டைஸ், சிறு கணக்குப் பிழை ஒன்றுக்காகத் தலைமை எழுத்தர் பியர்சனின் பிழைப்பையே பறிக்கத் துணிபவர். காப்பீட்டு நிறுவன ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு நுழையும் கொள்ளையராக நடித்த ஆந்த்ரே மோரெல், மேலாளரின் மனைவியும் மகனும் தம் ஆட்களின் பிடியில் இருப்பதாக மிரட்டி, கொள்ளைக்கு அவரையே துணைநிற்க வைக்கிறார். பணியாளர்களை ஃபோர்டைஸ் நடத்தும் விதத்தையும், குரலை உயர்த்தாமலே, இடித்துக் காட்டுகிறார். பிறகு அதே பியர்சனிடம் ஃபோர்டைஸ் மன்றாட வேண்டி வருகிறது. காலையில் தாம் அவமதித்தவரின் முகத்தில் விழிக்காமல் ஒதுங்க அந்தச் சிறிய கட்டடத்தில் இடமே இல்லை. வெளிக்காட்சிகள் மிகுந்திருந்தால் இந்த நெருக்கடி கரைந்துபோயிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. குஷிங்கும் மோரெலும் 1959இல் ஒரு துப்பறியும் படத்தில் ஷெர்லக் ஹோம்ஸாகவும் வாட்சனாகவும் இணைந்து நடித்தவர்கள். அந்தப் பழக்கம் இங்கே எதிரெதிர் நிற்கையில் அருமையாகக் கைகொடுக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் தொடக்கக் காட்சியை மீண்டும் பார்த்தேன். பணியாளர்கள் வருவதற்கு முன், ஆளற்ற வங்கிக்குள் கேமரா மெல்ல நகர்கிறது. பின்னர் ஃபோர்டைஸ் சிக்கித் தவிக்கப்போகும் இடத்தை நமக்கு முன்கூட்டியே பழக்கிவிடுகிறார் இயக்குநர் குவென்டின் லாரன்ஸ். முதல்முறை பார்த்தபோது, பெயர்கள் ஓடுவதற்கான பின்னணி என்றே அதை எண்ணியிருந்தேன்.