குளோரின் இருந்தும் பச்சையாகும் குளம்: வழி சொல்லுங்கள்

நீலாங்கரையில் எங்கள் வீட்டு நீச்சல் குளம், 40,000 லிட்டர், மணல் வடிகட்டி. வெயில் ஏறியதிலிருந்து பச்சை பிடிக்கிறது. குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), பிஎச் (அமில-காரத் தன்மை) 7.4, இரண்டும் சரிதான். ஆனால் சயனூரிக் அமிலம் 150 பிபிஎம்! குளோரினை வெயிலில் சிதையாமல் காக்க மாத்திரைகளோடு சேர்ந்து வருவது அது. வெயிலில் ஆவியாகாது, அளவு மீறினால் குளோரினையும் வேலை செய்ய விடாது.

மாத்திரையை நிறுத்தித் திரவக் குளோரினுக்கு மாறினேன். சுவர்களைத் தேய்த்து, வடிகட்டியை பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டிக் கழுவி), இரவில் கூடுதலாகவும் ஊற்றிப் பார்த்தேன். தெளிகிறது, மறுபடி பச்சை.

அந்த அமிலத்தைக் குறைக்கத் தண்ணீரை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் இது கடலோரம். எங்கள் கிணற்றில் நீர் மேலேயே நிற்கிறது. முழுவதும் காலி செய்தால் நிலத்தடி நீரின் அழுத்தம் குளத்தையே தூக்கிவிடலாம். பிள்ளைகளை இறங்க விடவும் மனமில்லை.

இப்பகுதியில் குளம் பராமரிப்பவர்களே, ஒரே தடவையில் எவ்வளவு தண்ணீர் வரை இறக்கினால் ஆபத்தில்லை?