புதுப்பிப்பு: பாப்பாவுக்கு முதல் பல் வந்துவிட்டது

ஏழு மாதப் பாப்பா ராத்திரியெல்லாம் அழுகிறாள், கையைக் கடிக்கிறாள், ஈறில் மரப்பு ஜெல் தடவலாமா என்று மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நேற்று எவர்சில்வர் கரண்டியில் தண்ணீர் கொடுத்தபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம். விரலால் தடவினால் கீழ் ஈறின் நடுவில் அரிசி நுனி போல ஒரு பல்!

ஜெல் வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர். பென்சோகெய்ன் என்ற மரக்கச் செய்யும் மருந்து கலந்தது இரண்டு வயதுக்குள் ஆபத்தாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுத்துவிடலாம். அத்தை தேன் தடவச் சொன்னார். ஒரு வயது வரை தேன் கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரலாம் என்று சொன்னதும் அவரே பாட்டிலை உள்ளே வைத்துவிட்டார்.

கைகொடுத்தது ஈரத்துணிதான். சுத்தமான பருத்தித் துணியை நனைத்து முறுக்கி, ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) அரை மணி நேரம் வைத்துக் கொடுத்தேன். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நடுவில் 101 டிகிரி காய்ச்சல் வந்தது. பல் காய்ச்சல் என்று இருந்துவிடப் பார்த்தேன். காட்டியபோது காதில் தொற்று! 100.4-க்கு மேல் போனால் பல் மேல் பழி போடாதீர்கள்.

அப்புறம், இன்று முதல் தினம் இரண்டு முறை, அரிசியளவு ஃப்ளோரைடு பேஸ்ட்டில் துலக்குகிறோம். பிரஷ்ஷை விடவே மாட்டேன் என்கிறாள்.